ஆவணிக்குக் காத்திருந்த வண்டுக் குழி

ஆடு வளர்த்தவர்கள் உண்டு, கோழி வளர்த்தவர்கள் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு காண்டாமிருக வண்டு வளர்த்தவன் கிள்ளான் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் கொடுமை என்னவென்றால், அந்த வண்டை ஒழிப்பதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்தைய கதை. கிள்ளானிலிருந்து ஜெஞ்சாரோம் போகும் வழியில் ஒரு தென்னந்தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது குட்டிக் குமாஸ்தா. ஒரு வருஷம் என் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வேன் என்று துரை சொல்லியிருந்தார். என் கல்யாணமும் அதோடு முடிச்சுப் போட்டுக் கிடந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலையிலிருந்த மாணிக்கம் பிள்ளை தம் மகள் சரஸ்வதியை எனக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தார்.

"வேலை நிரந்தரம்னு கடுதாசி வரட்டும் தம்பி. மறுநாளே பத்திரிகை அடிச்சிடலாம்" என்றார். (மனுஷன் ரயில்வேக்காரர். சிக்னல் விழாமல் வண்டியை எடுக்கமாட்டார்.)

வண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கட்டைவிரல் பருமன், மூக்குமேல் ஒரு கொம்பு. தென்னங்குருத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு அந்தக் குருத்து ஓலையாக விரியும்போது, மடித்துக் கத்தரித்த காகிதம் மாதிரி விசிறி விசிறியாக வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் முட்டையிடுவது மரத்தில் அல்ல, மக்கிய கட்டையிலும் சாணக் குப்பையிலும். அதனால் விழுந்த மரத்தை எல்லாம் எரித்துவிடவேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. அதற்கும் தப்பி வரும் வண்டுகளுக்காகத் துரை என்னிடம் ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம் கொடுத்தார். அதில் ஒரு தந்திரம் இருந்தது. நாமே ஒரு குழி வெட்டி, மக்கிய தென்னங்கட்டையும் சாணமும் போட்டு வைக்கவேண்டும். தாய் வண்டுகள் நல்ல வீடு கிடைத்தது என்று வந்து முட்டையிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழியைக் கிளறி, புழுக்களைப் பொறுக்கி அழித்துவிட வேண்டும்.

கடைசி வரியைப் படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டவனே நான்தான்.

தை மாதம் நல்ல நாள் பார்த்து, எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி, குழி போட்டேன். இரண்டு வாரம் கழித்து, புழு பொறுக்கும் பெண்களுக்குத் தலைவியான அஞ்சலை கூடையோடு வந்து நின்றாள். என்னைவிட நாலு வயசு மூத்தவள். வாய் நாற்பது வயசு மூத்தது.

"கிராணியாரே, கிளறிடலாமா?"

அன்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. சித்திரையில் கோலாலம்பூரிலிருந்து தென்னை இன்ஸ்பெக்டர் வருகிறாராம். உடனே என் மூளை வேலை செய்தது. (அதுதான் வினை.) நம்மவர்களிடையே கடை என்றாலும் பள்ளிக்கூடம் என்றாலும் பெரிய மனிதர் ஒருவர் வந்துதானே திறக்கவேண்டும்? குழியை அப்படியே விட்டால் புழு சேரும். இன்ஸ்பெக்டர் தம் கையால் திறப்பார், குவியலைப் பார்த்து அசந்துபோவார், துரை அன்றைக்கே என் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார்.

"வேணாம். இன்ஸ்பெக்டர் ஐயா வந்து திறக்கட்டும்" என்றேன்.

"புழு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

"போட்ட குழியில இல்லாம எங்க போயிடும்?"

அவள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நான் குழியைச் சுற்றி வேலி கட்டி, யாரும் தொடக்கூடாது என்று தமிழிலும் மலாயிலும் பலகை எழுதி வைத்தேன்.

சித்திரையில் இன்ஸ்பெக்டருக்குக் காய்ச்சல். ஆடி முதல் வாரம் வருவதாக எழுதினார். ஆடியில் யாராவது திறப்பு விழா வைப்பார்களா? பாதையில் வெள்ளம், ஆவணியில் வந்தால் சௌகரியம் என்று என் கைப்பட இங்கிலீஷில் பதில் எழுதிப் போட்டேன். (ஆடியில் எங்கள் பக்கம் தூசிதான் பறக்கும். வெள்ளம் என் பேனாவில் மட்டும்தான் வந்தது.)

அதற்குள் குழியைச் சுற்றியிருந்த மரங்களில் விசிறி வெட்டு தெரிய ஆரம்பித்தது. தோட்ட வேலிக்கு அந்தப் பக்கம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில், பாக் ஹசான் என்ற மலாய்க்காரருக்கு இருபது தென்னை இருந்தது. அவர் மரங்களிலும் அதே வெட்டு. வண்டு அவரிடமிருந்துதான் வருகிறது என்று நான் முடிவுகட்டி, அவர் வாசலில் போய் நின்று, எங்கே குப்பை, எங்கே மக்கின கட்டை என்று அதட்டினேன். மனிதர் பொறுமையாக வீட்டைச் சுற்றிக் காட்டினார். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"இங்கே இல்லையென்றால் பின்னே எங்கிருந்து வருகிறது?" என்று அவரையே கேட்டேன்.

அவர் தோட்ட வேலிக்கு இந்தப் பக்கம் தெரிந்த என் பலகையைப் பார்த்தார். நான் என் மலாய் எழுத்தைப் பார்த்து ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி முகூர்த்த நாள் வந்தது. என் பெருமையைப் பார்க்கட்டும் என்று மாணிக்கம் பிள்ளையையும் வரவழைத்திருந்தேன். கோட்டும் தலைப்பாகையுமாக வந்திருந்தார். குழிக்கு முன்னால் வாழைமரம் கட்டினேன். தோரணத்துக்கு ஓலை வெட்டி வந்த அஞ்சலை, "வண்டே கத்தரிச்சு வச்சிருக்கு கிராணியாரே. நமக்கு வேலை மிச்சம்" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான தமிழர். நான் போட்ட மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார். நான் மண்வெட்டியை நீட்டினேன். அவர் மேல்கட்டையைப் புரட்டினார்.

முதலில் வந்தவை வெறும் கூடுகள். ஒவ்வொன்றும் திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. அதற்கடியில் பளபளவென்று புது வண்டுகள், இன்னும் அடியில் கொழுத்த புழுக்கள், அதற்கும் அடியில் முட்டைகள். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே வீட்டில் சந்தோஷமாக இருந்தது. மூத்த பிள்ளைகள்தான் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள், என் துரையின் மரங்களுக்கும் பாக் ஹசானின் மரங்களுக்கும்.

"எத்தனை நாளைக்கு ஒருதரம் கிளறுனீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அஞ்சலைதான் பதில் சொன்னாள். "நல்ல நாளுக்காக வச்சிருந்தாருங்க ஐயா."

"ஆடியில வெள்ளம்னு எழுதுனது?"

"அதுவும் நல்ல நாளுக்காகத்தாங்க."

இன்ஸ்பெக்டர், கூட வந்திருந்த துரையின் பக்கம் திரும்பி, இது பொறியல்ல, பிரசவ ஆஸ்பத்திரி என்று இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் பழுத்த மிளகாயாகச் சிவந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வண்டு கிர்ரென்று கிளம்பி மாணிக்கம் பிள்ளையின் தலைப்பாகையில் உட்கார்ந்து கால்களால் கவ்விக்கொண்டது. நான் கைநீட்டத் தைரியமில்லாமல் நின்றேன்.

அவர் தலையை அசைக்காமல் கேட்டார். "எடுக்கிறியா தம்பி, இல்ல இதுக்கும் நாள் பாக்கணுமா?"

துரை இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வேலையிலிருந்து விரட்டாததே பெரிய காரியம். மாணிக்கம் பிள்ளை ரயிலேறும்போது, "சிக்னல் விழலை" என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் கடிதம் எழுதும் வரை, பெண்ணை வேறிடத்தில் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடிதத்தில் ஒரே வரி இருந்தது. நடந்ததைக் கேட்டு சரஸ்வதி இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், காத்திருப்பதாகச் சொல்கிறாள் என்று.

பாக் ஹசானிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "தாப்பா லா" என்றார், பரவாயில்லை என்று. காப்பியும் கொடுத்தார். அவருடைய இரண்டு மரங்கள் குருத்து அழுகிச் செத்தன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மிச்ச மரங்களில் ஏணி வைத்து ஏறி, கம்பிக் கொக்கியால் வண்டுகளைக் குத்தி எடுத்தது நானேதான். அடுத்த வருஷம் முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழியைக் கிளறினேன், அமாவாசை, அஷ்டமி எதுவும் பார்க்கவில்லை. வேலை நிரந்தரம் என்ற உறை ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு, சரியான ராகு காலத்தில் வந்தது. நின்ற இடத்திலேயே பிரித்தேன்.

கல்யாணமாகி வீட்டுக்கு வந்த சரஸ்வதி, என் தகரப் பெட்டியில் பூட்டு தொங்குவதைப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, இதை நானே திறக்கலாமா, இன்ஸ்பெக்டர் வரணுமா?"

அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. ஊறுகாய் ஜாடிக்கும், பிள்ளைகளின் பரீட்சை ரிப்போர்ட்டுக்கும், நான் பதில் போடாமல் வைத்திருக்கும் கடிதங்களுக்கும் எங்கள் வீட்டில் அதே கேள்விதான். போன மாதம் என் ரத்தப் பரிசோதனை உறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாக அலமாரியில் வைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்ஸ்பெக்டர் வரணுமா?"

பிரித்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தது. இப்போதே கவனித்தால் அடக்கிவிடலாம் என்று டாக்டர் சொன்னார்.

சரஸ்வதி காகிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். "நல்லவேளை, இன்னும் புழுதான். கொம்பு முளைக்கல."