என் பூட்டன் அடித்த அடிக்கு நான் கேட்ட மன்னிப்பு

கிள்ளானில் என்னைவிட நிம்மதியாக வாழும் மச்சான் சுகுமாறன் அவர்களுக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து தங்கை வீட்டுக்காரன் விஜயன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நான் நலம். உங்கள் தங்கை வாணியும் நலம் என்று மகள் ஷாமினி வழியாகச் சொல்லியனுப்பினாள். நேரடிப் பேச்சு இல்லை. காரணம் நீங்கள்தான்.

ஷாமினியைத் தன் மகன் குருவுக்குக் கேட்டு பெட்டாலிங் ஜெயாவிலிருந்து திருச்செல்வம் வந்தார். பிள்ளைகள் இருவரும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது பெரியவர்களின் பெருமை மட்டும். உட்கார்ந்ததுமே தன் பூட்டன் கங்காணி என்றார். இந்த நாட்டில் எல்லாருடைய பூட்டனும் கங்காணிதான். அத்தனை ரப்பர் மரங்களையும் சீவியது யார் என்றுதான் இதுவரை தகவல் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அன்று காலைதான் நீங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டிருந்தீர்கள்: ஹார்ட்வெல் என்ற வெள்ளைக்காரரின் முன்னோர் பண்ருட்டிப் பக்கம் அவுரி பயிரிட்டு நீலச் சாயம் எடுத்த துரையாம், அங்கே வேலை செய்தவர்களின் வாரிசுகள் மலேசியாவில் இருந்தால் பார்க்க வருகிறாராம். நமக்கும் பண்ருட்டிப் பக்கம்தானே!

"எங்க பூட்டன் அவுரித் தோட்டத்துல தலைமை மேஸ்திரி. துரைக்கே வலது கை. அந்தத் துரையோட வாரிசு எங்க வீட்டுக்குச் சாப்பிட வராரு" என்று அடித்துவிட்டேன்.

திருச்செல்வத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப நாங்களும் வரோம் லா" என்றார்.

சொன்ன வாய்க்காக ஹார்ட்வெல்லுக்கு எழுதி வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வாழை இலை, மட்டன், அவருக்காகக் காரம் குறைத்த ரசம். மனிதர் கையாலேயே பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து நின்றார். தன் முன்னோர் கூலிகளைப் பிழிந்தெடுத்தவராம். மன்னிப்புக் கேட்கத்தான் விமானம் ஏறினாராம். அதிலும் துரை நாற்காலியை விட்டு நகரவே மாட்டாராம். பிரம்பெடுத்து விளாசியதெல்லாம் தலைமை மேஸ்திரிதானாம். ரச வாளியோடு நின்ற வாணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

திருச்செல்வம் மார்பில் கை வைத்தார். "தொட்டியில இறங்கி அவுரித் தண்ணிய மிதிச்சது எங்க ஆளுங்கதான் பாஸ்!"

"கங்காணின்னீங்களே?" என்றேன்.

"அது இங்க வந்தப்புறம் புரமோஷன் லா. அங்க கூலி. அடி வாங்கின கூலி. அடிச்சவங்க வீட்ல எப்படிப் பொண்ணு எடுக்கறது?"

குரு நெளிந்தான். ஷாமினியின் கண்ணில் தண்ணீர். "அப்பா, சாரி சொல்லுங்கப்பா, ப்ளீஸ் லா."

உண்மையைச் சொன்னால் பொய்யன், சொல்லாவிட்டால் கொடியவன். கொடியவனுக்காவது ஒரு பரம்பரை இருக்கிறதே என்று எழுந்து கை கூப்பினேன். பெயர்கூடத் தெரியாத பூட்டன் அடித்த அடிக்கு, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரும் தலைகுனிந்து நிற்க, மன்னிப்புக் கேட்டேன் மச்சான்! திருச்செல்வம் அவசரமே படவில்லை. பாயசத்தை முழுசாகக் குடித்துவிட்டு, "சரி, மன்னிச்சோம். தை மாசம் வெச்சுக்கலாம்" என்றார்.

அக்கா அமுதவள்ளிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். இனி எந்தப் பூட்டனையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்களையே சமாளிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
கொடுங்கோல் மேஸ்திரியின் வழிவந்த
விஜயன்

பி.கு.: இப்போதுதான் ஹார்ட்வெல் லண்டனிலிருந்து அழைத்தார். அந்தத் துரை வேறு ஹார்ட்வெல் குடும்பமாம்; இவர் வீட்டில் ஒருவர்கூட இந்தியாவை எட்டிப் பார்த்ததில்லை, தலைமுறை தலைமுறையாகத் தொப்பி தைத்தவர்களாம். அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டார். இது திருச்செல்வம் காதுக்குப் போகவே கூடாது. எங்களை மன்னித்த நாளிலிருந்து மனிதர் நடையே மாறிவிட்டது. அதைப் பிடுங்கினால் கல்யாணம் நின்றுவிடும். ஆகவே மச்சான், யார் கேட்டாலும் என் பூட்டன் நன்றாகவே அடித்தார் என்று சொல்லிவையுங்கள்.