ரெண்டு பேர் உள்ள கார்டு

சென்னைக் கோட்டையில் அலுவலக உதவியாளராக வீற்றிருக்கும் என் அருமைத் தம்பி செந்தூர்வேலுக்கு, தூத்துக்குடி முத்தையாபுரத்திலிருந்து அக்கா சீனித்தாய் எழுதும் மனு. இங்கு நானும் உப்பளமும் வெயிலும் சுகம். அங்கு நீயும் உன் மேன்சன் ரூமும் உன் ரோசமும் சுகமாக இருக்கவும். ரோசம் மட்டும் கொஞ்சம் மெலிந்தாலும் எனக்குச் சம்மதமே.

ரூம் விலாசத்துக்குப் போடாமல் ஆபீசுக்கு ஏன் போட்டாள் என்று முறைக்காதே. போன் போட்டால் எடுக்க மாட்டேங்கே. ஆபீசுக்கு வந்த கடுதாசி என்றால் சீல் குத்தி நம்பர் போட்டுத்தான் வாங்குவார்கள், அப்புறம் கிடைக்கலேன்னு நீ சொல்ல முடியாது பாரு. மூணாங்கிளாஸ் படிச்சவளுக்கும் மூளை உண்டு.

மனுவின் பொருள் என்னவென்றால், தமிழ்நாட்டில் உள்ள எல்லா உடம்புக்கும் வைத்தியச் செலவை அரசாங்கம் ஒருத்தரே கொடுக்க வேண்டியது. இதை நீ மந்திரி காதில் போட வேண்டியது. லிப்டுக்குள்ள வச்சுப் போடு. அங்கன அவராலே ஓட முடியாது.

எனக்கு ஏன் இந்தப் புத்தி வந்தது என்று கேள். போன மாசம் உப்பு வாரிக்கிட்டு நிக்கேன், வலது விலாவுல யாரோ கடப்பாரையை விட்டுத் திருகுன மாதிரி இருந்துச்சு. பாத்தியிலேயே உக்காந்துட்டேன். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, பித்தப்பையில கல்லு, ஒண்ணு குழாயில வேற இறங்கிருக்குன்னாங்க. ஊருல எல்லாருக்கும் சிப்பிக்குள்ள முத்து விளைஞ்சா எனக்கு வயித்துக்குள்ள விளைஞ்சிருக்கு, விலை போகுமாம்மான்னு கேட்டேன். அவுக சிரிக்கலே. குழாய் விட்டு எடுக்கணும், அந்த மிஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன், காப்பீட்டு அட்டை இருந்தா உங்க கையை விட்டு ஒண்ணும் போகாதுன்னு சீட்டு எழுதிட்டாங்க. அங்கன போனா கவுண்டர்ல ஒரு பையன், ஷாம்னு பேரு, நல்ல மரியாதை தெரிஞ்சவன். நம்ம ரேஷன் கார்டைக் கம்ப்யூட்டர்ல தட்டினான். தட்டிட்டு என் மூஞ்சியைப் பாத்தான்.

"அக்கா, உங்க கார்டுல ரெண்டு பேரு இருக்கு. குடும்பத் தலைவி நீங்க. தம்பி அரசு ஊழியர். வருமானம் வரம்பைத் தாண்டிருச்சு, இந்தத் திட்டத்துல நீங்க வரமாட்டிய."

"அவன் சம்பளத்துல நான் ஒரு சுக்காப்பி குடிச்சதில்லையேப்பா."

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதேக்கா."

சரி, தம்பிக்கு அரசாங்க ஊழியர் காப்பீடு இருக்கும்லா, அதுல என்னை ஒரு ஓரமா உக்கார வையின்னேன். மறுபடியும் தட்டினான். அதுல பெஞ்சாதி, பிள்ளை, பெத்தவங்கதான் சேர்த்தியாம், அக்கா குடும்பத்துல வராதாம். ஏலே, அதே பையன், அதே நாற்காலி, அதே கம்ப்யூட்டர். ஒரு பக்கம் பாத்தா நீ என் குடும்பம். மறு பக்கம் பாத்தா நான் உனக்கு யாரோ. உனக்கு மூக்குச் சிந்திவிட்டது யாருன்னு அதுல தட்டிப் பாருன்னேன். பின்னால நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. வலியோட இருந்தவங்களும் சிரிச்சாங்க, அந்தப் புண்ணியம் எனக்கு. அப்புறம் தனியார் காப்பீட்டு ஏஜெண்டுக்கு ஒரு போனைப் போட்டேன். ஏற்கெனவே உள்ள நோய்னா மூணு வருசம் பொறுக்கணுமாம். கல்லுகிட்டே கேட்டுச் சொல்லுதேன்னு வச்சுட்டேன்.

இப்போ நீயே சொல்லு. உப்பளத்துல எத்தனை பாத்தி இருக்கு, ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியா ஒரு கடலா வெட்டுதோம்? ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணியை விட்டா, மேட்டுப் பாத்தி பள்ளத்துப் பாத்தி எல்லாம் நிறையுது. எந்தப் பாத்தியும் வருமானச் சான்று காட்டலே. நாம தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் வரி கொடுக்கோம். அந்தத் துட்டை ஒரே பையில போட்டு, டாக்டர் பில்லை அரசாங்கத்துக்கு அனுப்பட்டும், அரசாங்கம் கொடுக்கட்டும், நடுவுல இருக்கிற கவுண்டரை எல்லாம் மூடிட்டு ஷாமுக்கு வேற நல்ல வேலை போட்டுக் கொடுக்கட்டும். டில்லிதான் செய்யணும்னு மந்திரி சொன்னா விடாதே. பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோறு போட டில்லி வரட்டும்னா காத்துக்கிட்டு இருந்தோம்? தட்டை நீட்டினா, நீ யாரு குடும்பத்துத் தட்டுன்னு யாராச்சும் கேட்டாங்களா? மூணு வருசம் நான் பள்ளிக்கூடம் போனதே அந்தச் சோத்துக்குத்தான். சோத்துக்கு முடிஞ்சது பித்தப்பைக்கு முடியாதா?

லேசான வழி ஒண்ணும் இருக்குன்னு சொன்னது இ-சேவை மையம் வச்சிருக்கிற பொண்ணு கிருபாபாய். "யக்கா, எதுக்கு அலையுதிய? தம்பி பேரை நீக்கிருங்க. ஒத்தை ஆள் கார்டு ஆயிரும். சான்று வாங்கி ஒரு வாரத்துல காப்பீட்டுல சேத்துரலாம்"னா. சேத்துப்புடுன்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குப் பதிலா, மழை வாரமாதிரி இருக்கு, துணி காயப் போட்டிருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஏப்ரல் மாசம். வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது.

உன் பேரு கிடக்கிறது ரேஷன் அரிசிக்காகன்னு நினைக்காதே. உங்க அத்தான் தவறிப்போனப்போ அவர் பேரை எடுத்தாங்க. அதுக்கு மேல அந்தக் கார்டுல எடுக்க எனக்கு மனசில்லே. ரேஷன் கடை ஜேசுபாதம் அண்ணாச்சி மாசாமாசம் மிஷினைப் பாத்துட்டு, "ரெண்டு பேரு. தம்பி வந்திருக்கானா?"ன்னு கேப்பாரு. நானும், "உள்ள தூங்குதான் அண்ணாச்சி"ம்பேன். "குறட்டைச் சத்தம் கடை வரைக்கும் கேக்கலையே?"ம்பாரு. நாலு வருசமா நீ உள்ளதான்லே தூங்குதே. இன்னொண்ணும் சொல்லுதேன். கார்டு போடும்போது எங்கிட்ட போன் இல்லாததால உன் நம்பரைத்தான் கொடுத்தேன். நான் சீனி வாங்கினா உனக்குத்தான் மெசேஜ் வரும். சில மாசம் பருப்பு தேவையே இருக்காது, இருந்தாலும் போய் வாங்குவேன். அக்கா இருக்கா, பருப்பு வாங்கியிருக்கான்னு நீ ஒரு தடவை போனைப் பாப்பேல்லா. பேரை நீக்கினா நம்பரையும் மாத்திருவாங்களாம்.

சாத்தான்குளத்துல உனக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துல, மாப்பிள்ளை குறட்டை விட்டா துறைமுகத்துல கப்பலு வழி தெரிஞ்சு வந்துரும்னு நான் சொன்னது தமாசுக்குத்தான். பொண்ணு வீட்டுக்காரவுக சம்பந்தமே வேண்டாம்னு எந்திரிச்சுருவாங்கன்னு நான் கண்டேனா? நல்லா சிரிச்ச ஒரே ஆளு அந்தப் பொண்ணுதான். அதை நீ பாக்கலே, தலையைக் குனிஞ்சிருந்தே. அன்னைக்கு ராத்திரி பஸ் ஏறினவன், இன்னும் இறங்கலே. நீ இல்லாம வீடு எப்பிடி இருக்குன்னா, சுவர்க்கடிகாரம் பெருசா கத்துதுன்னு பேட்டரியைக் கழட்டி வச்சிருக்கேன்.

ஆகையால் உன் பேரை நான் நீக்க மாட்டேன். மாற வேண்டியது அரசாங்கம்தானே தவிர நம்ம கார்டு அல்ல. நீ மெனக்கெட்டு லீவு போட்டு வர வேண்டாம், எனக்கு இங்கே ஆள் இல்லாமல் இல்லை, பக்கத்து வீட்டுக் கோழி வந்துபோகிறது. அரசாணை நகலை மட்டும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பவும்.

செந்தூர் முருகன் உனக்கு நல்ல புத்தியும் மந்திரிக்கு நல்ல காதும் கொடுப்பானாக. மெஸ் சாப்பாட்டில் மோர் ஊத்திக்கொள்.

இப்படிக்கு,
குடும்பத் தலைவி (கம்ப்யூட்டர் சொன்னபடி),
சீனித்தாய்

பி.கு: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதுதேன். தபால்பெட்டிக்குப் போற வழியில கிருபாபாய் பாத்துட்டு, "யக்கா, கண்ணு மஞ்சளா இருக்கே"ன்னா. டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனா. இனி நாள் கடத்தக் கூடாதாம். அரசாங்கம் மாறுத வரைக்கும் கல்லு நிக்காது போலிருக்கு, அதனால உன் பேரை எடுத்திரச் சொல்லிட்டேன். வர்ற புதன்கிழமை பத்து மணிக்கு அவ பட்டனை அமுக்குவா. உன் போனுக்கு ஆறு நம்பர் வரும், பத்து நிமிசந்தான் செல்லுமாம். அதைப் போன்ல சொல்லாதே, சொன்னா நான் காதுல வாங்க மாட்டேன். இங்கன வந்து நின்னு உன் வாயால சொல்லு. நீ வந்த பிறகுதான் அமுக்கணும்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். வார வழியில ஜேசுபாதம் அண்ணாச்சியைப் பாத்தா, ஒரு கொட்டாவி விட்டுக்கிட்டே வா. நாலு வருசத் தூக்கம்லா.