சிக்கனம் கருந்திரை காத்த படலம்

வாழ்க, விரல்நுனி வேந்தர்! வாழ்க, சுட்டெலி தீண்டாச் சூளுரையாளர்! காலண்டரும் கண்சிமிட்டும் படங்களும் கால்வைக்க அஞ்சும் கருந்திரையைக் கவசமெனப் பூண்டு, அச்சுக்கடையின் பின்னறையில், கிரீச்சிடும் மின்விசிறியின் நேர்கீழே, ஒரு கால் ஆடும் நாற்காலி என்னும் அரியணையில் பன்னிரண்டு ஆண்டு வீற்றிருந்த பெருந்தகை வாழ்க! தாளுக்கு மையூட்டும் தெய்வங்களே, உருளைக்குள் தாள் சிக்காமல் காக்கும் குட்டித் தெய்வங்களே, இப்போரைச் சொல்லி முடிக்கும்வரை கரண்ட் போகாமல் காத்தருள்க!

அப்பெருந்தகைக்குக் கடையில் வழங்கிய பெயர் சிக்கனம். ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பவர்களைக் கண்டிருப்பீர்கள்; இவரோ வேலை முடிந்த மென்பொருளை அந்தக் கணமே அணைப்பவர். எழுத ஒன்று, படத்தின் ஓரம் வெட்ட ஒன்று, வெட்டியதைத் தாளில் அடுக்க ஒன்று, அச்சுக்கு அனுப்ப ஒன்று எனக் கடுகினும் சிறிய தனித்தனிக் கருவிகளைத் தம் பழங்கணினியில் அவர் குடிவைத்திருந்தார். ஒன்றின் முகத்தில் இன்னொன்று விழித்ததில்லை. எந்த இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கினால் எந்தக் கருவி எழும் என்பது அவர் மூளையைத் தவிர வேறெங்கும் எழுதப்படாத மறைமொழி. கணினியை முடுக்கிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அது வேலைக்குத் தயாராக நிற்கும். அவர் கண்ணாடியோ சின்னக் கண்ணாடி.

இத்தகு இராச்சியத்தின்மேல்தான் படையெடுத்து வந்தான் முதலாளியம்மாவின் தம்பி. நான்கு மாதக் கணினிப் படிப்பும் நாற்பது வருடத் தன்னம்பிக்கையும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற அவன், முன்கவுண்டருக்கென ஒரு புதுக்கணினியை, பசு கன்றை அணைப்பதுபோல் அணைத்துக் கொண்டுவந்து இறக்கினான். கடிதப்பெட்டி, படத்தொகுப்பு, முகவரிப் புத்தகம், நாட்காட்டி, வானிலை, குறிப்பேடு என்று எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தம் செய்துகொண்டு ஒரே கூரையின்கீழ்க் கூட்டுக்குடும்பமாய் வாழும் பெருந்திரை அது.

"அண்ணே, இனிமே தனித்தனியா எதையும் தேட வேணாம். எல்லாமே உள்ளேயே இருக்கு."

"எனக்கு வேணாததும் உள்ளேயே இருக்குமே, தம்பி."

"இருந்துட்டுப் போகட்டுமே, சோறா கேக்குது? வெள்ளிக்கிழமை உங்க மெஷினையும் துடைச்சுட்டு இதையே போட்டுடறேன்."

துடைப்பதாம்! பன்னிரண்டு ஆண்டுத் தவத்தை ஈரத்துணியால் துடைப்பதாம்! பெருந்தகையின் மீசை துடித்தது. டம்ளரில் பாதித் தேநீர் ஆடைகட்டிப்போயிற்று. பின்னறைக்கும் முன்னறைக்கும் இடையே இருந்த தட்டிக்கு இரண்டு பக்கமும் சொற்போர் மூண்டு, இரைச்சல் தாங்காமல் முதலாளியம்மா எழுந்தார். அதே வேளையில் வாசற்படி ஏறினார் ஒரு வாடிக்கையாளர், கையில் காணாமற்போன பூனையின் படத்தோடு. அறிவிப்பு அடிக்கவேண்டுமாம். முதலாளியம்மாவின் திருவாய் மலர்ந்தது:

"ரெண்டு பேரும் இதையே அடிங்க. யாரோட தாள் முதல்ல வெளியே வருதோ, அவங்க முறைதான் இனிமே இந்தக் கடையில. அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

ஒரே படம் இரண்டு கணினிக்கும் ஏற்றப்பட்டது; அடையாளங்களை வாடிக்கையாளர் இருவருக்கும் சொன்னார். நடுவே, இரு பக்கத்துக்கும் பொதுவான அச்சு இயந்திரம், யார் வென்றாலும் துப்பப்போவது நான்தானே என்னும் சலிப்போடு நின்றது.

முழங்கிற்று புதுக்கணினியின் தொடக்க இசை! அலையலையாய் விரிந்தது நீலப் பெருந்திரை! "உங்களுக்குத் தெரியுமா?" என்றொரு பெட்டி தோன்றி, தம்பிக்குத் தெரியாத மூன்று விஷயங்களைத் தெரிவித்தது. அதைத் தள்ளி அவன் படத்தொகுப்பைத் திறப்பதற்குள், சிக்கனம், மடை திறந்த வெள்ளமென, மரங்கொத்தி தோற்கும் விரல்களால், "காணவில்லை. சாம்பல் நிறம். வால் நுனி வெள்ளை. இடது காது கிழிந்தது. கூப்பிட்டால் வராது" என்று எழுதி முடித்து, முழுவதையும் நகலெடுத்து, எழுதுகருவியை வழக்கப்படி அணைத்து, படத்தின் ஓரத்தை வெட்டி, வெட்டுகருவியையும் அணைத்து, அடுக்குகருவியை எழுப்பி, பூனையை நட்டநடுவில் அமர்த்தி, வெற்றித் திருமகளின் வளையோசை காதில் விழ, ஒட்டும் விசையை அமுக்கினார்.

ஒன்றும் ஒட்டவில்லை.

மீண்டும் அமுக்கினார். பூனை மட்டும் அவரைப் பார்த்தது. அந்தோ! எழுதுகருவியை அணைத்தால், அது நகலெடுத்து வைத்திருந்த சொற்களும் அதனோடு உடன்கட்டை ஏறிவிடும் என்பதும், அவற்றை ஏந்திக்கொள்ளப் பொதுக்கூடை எதுவும் தம் கருந்திரையில் இல்லை என்பதும், அப்படியொரு கூடையை ஏழாண்டுக்கு முன் 'தண்டம்' என்று தூக்கி எறிந்தவர் தாமே என்பதும், போர்ப் பதற்றத்தில் பெருந்தகைக்கு மறந்துபோயிற்று. நாள்தோறும் கோப்பாகச் சேமித்த பிறகே மூடும் கை, இன்று விரைவை நம்பிச் சேமிக்காமலே மூடிவிட்டது. சிக்கனமே சிக்கனத்தைக் கழுத்தறுத்தது.

"ஏங்க, வால் நுனி என்ன கலர்னு சொன்னீங்க?" என்று தட்டிக்கு மேலாகத் தலைநீட்டினார்.

"வெள்ளைங்க. இப்பதானே சொன்னேன்?"

"காது?"

"ரெண்டு காதுங்க. அதுல இடது கிழிஞ்சிருக்கும்."

தட்டிக்கு அப்பால் தம்பியின் தேர் குலுங்கிக் குலுங்கி முன்னேறிற்று. இழுத்த படம் இழுத்த இடத்தில் விழுந்தது. எழுதிய எழுத்து சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் காதில் விழுந்தது ஒன்பது பேர் காதில் விழாதிருக்குமோ? படத்தொகுப்பு பூனையின் முகத்தை வட்டமிட்டு, "இவர் யார்?" என்று வினவியது. பதில் சொல்லாவிட்டால் நகராதோ என்றஞ்சிய தம்பி, "பூனை" என்றடித்தான். முகவரிப் புத்தகம் உடனே பூனையைத் தன்னில் சேர்த்து, தொலைபேசி எண் கேட்டது. நாட்காட்டி எட்டிப்பார்த்துப் பிறந்தநாள் கேட்டது. வெறுப்பில் அவன் இன்றைய தேதியை அடித்தான். பூனையிடமிருந்து ஒருவழியாக மீண்டு, அச்சிடும் பொத்தானை நோக்கி அவன் அம்பு பறந்த அதே நொடியில், பொத்தானை முழுசாய் மறைத்துக்கொண்டு எழுந்தது வண்ணப் பலூன்களோடு ஓர் அறிவிப்பு: "இன்று பூனையின் பிறந்தநாள்! வாழ்த்து அனுப்பவா?"

"அட, தள்ளித் தொலையேன்!" என்று அவன் அலறியதைக் கூட்டுக்குடும்பம் பொருட்படுத்தவில்லை.

இங்கே, சிக்கனம் மீண்டும் எழுதி, இம்முறை சேமித்து, பூனைக்குக் கீழே அடுக்கிய இறுதிச் சொல் விழுந்தது. இரு விசை. ஒரு தட்டு. உறுமியது இயந்திரம், நடுங்கியது மேசை, தாயின் வயிற்றிலிருந்து இளஞ்சூட்டோடு இறங்கும் மகவென வெளிவந்தது சிக்கனத்தின் தாள்! மூன்று நொடி கழித்துத் தம்பியின் தாளும் வந்தது. யார் பார்த்தது அதை? வாடிக்கையாளர் மட்டும் இரண்டையும் ஒப்பிட்டு, "ரெண்டையும் எடுத்துக்கறேங்க, எங்க தெரு பெரிசு" என்றார்.

வென்றது கருந்திரை! வாழ்ந்தன சிறுகருவிகள்! நாற்காலியின் ஆடும் கால்கூட ஒரு கணம் ஆடாமல் நின்றது. தீர்ப்புரைக்கப் பின்னறைக்கே எழுந்தருளினார் முதலாளியம்மா; திரையை ஒரு முறை, பெருந்தகையை ஒரு முறை வியந்து நோக்கினார். அப்பார்வையில் இருந்த மரியாதையைப் பன்னிரண்டு ஆண்டில் சிக்கனம் கண்டதில்லை. தலைகுனிந்து ஏற்றார்.

"அண்ணே, நடுவுல தடுமாறியும் இந்த மெஷின் முந்திடுச்சே! இவ்வளவு வேகமா இது? இத்தனை நாள் சொல்லவே இல்லையே நீங்க. முன்னாடி கவுண்டர்ல ஆளுங்க கால் கடுக்க நிக்கிறாங்க. டேய், இதை அப்படியே தூக்கிட்டுப் போய் அங்கே வை. இனிமே அதுலதான் நீ உட்காரணும்."

"அப்ப எனக்கு?" என்றார் பெருந்தகை.

"நீங்க நிதானமா உட்கார்ந்து வேலை பாக்கிறவரு. புதுசை எடுத்துக்குங்க. எல்லாமே உள்ளேயே இருக்காம்."

கருந்திரையைத் தோளில் சுமந்து தம்பி முன்னறைக்கு நடந்தான், சற்று நேரத்தில் அங்கிருந்து, "அண்ணே, இதுல எங்கே அமுக்கணும்? ஒண்ணுமே தெரியலையே!" என்றொரு ஓலம் எழுந்தது. விண்ணில் துந்துபி முழங்கவில்லை, பூமாரி பொழியவில்லை, வாகை சூடிய வேந்தர் தம் வெற்றியின் முழுப் பரப்பையும், பின்னறைக்கு வந்துசேர்ந்த நீலப் பெருந்திரையில் கண்ணுற்றார்.

சிக்கனம் மூன்று மணி வரைக்கும் அப்டேட் முடியக் காத்திருந்தார்.