எனக்குப் புரியாத பிரெஞ்சு

என் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் என்னைப் பற்றி மகளிடம் பிரெஞ்சில் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேர்ந்து உங்கப்பா பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. பார்க்கவே எரிச்சலா இருக்கு."

எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது எங்கள் வீட்டு ஐதீகம். அதனால் முகத்தை மரம்போல வைத்துக்கொண்டு, "காலாற நடந்துட்டு வரேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி எழுந்தேன். மருத்துவமனைக் கேன்டீனில் இரண்டு பன் தின்றேன். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள்.

அவள் பிறந்த வீட்டில் பிரெஞ்சு. என் வீட்டில் ஆங்கிலம். எங்கள் இருவருக்குள்ளும் ஆங்கிலம்தான். மகள் பிறந்ததும் ஒரு சட்டம் போட்டோம்: குழந்தையிடம் அவள் பிரெஞ்சு மட்டும், நான் ஆங்கிலம் மட்டும். போட்டவன் நான்தான். நாலு வயதில் மகள் இரண்டிலும் வெளுத்து வாங்கினாள். சட்டத்தின் ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் இருவரும் என்னைப் பார்ப்பார்கள். ஏதோ சொல்வார்கள். விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. நீங்க சாப்பிடுங்க."

"என்னைப் பத்தித்தானே?"

"ஏன், உலகத்துல வேற விஷயமே இல்லையா?"

சொந்த வீட்டில் குடக்கூலிக்கு இருப்பதுபோல் இருந்தது. பிள்ளைக்கு இரண்டு மொழி கொடுத்துவிட்டு நான் ஒன்றிலேயே நின்றுவிட்டேன். மகள் வளர வளர, அவளில் பாதி எனக்குத் தெரியாமலே போய்விடுமே என்று பயந்தேன். சபதம் எடுத்தேன்: ரகசியமாகப் பிரெஞ்சு கற்பது!

எனக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. காதில் பாடத்தை மாட்டிக்கொண்டு, லிஃப்டின் கூரைமேல் நின்று உரக்கச் சொல்லிப் பழகினேன். "இந்த வண்டி எப்போது புறப்படும்?" என்று ஆறாவது மாடியில் கேட்டால் தரைத்தளம் வரை எதிரொலிக்கும். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் பேசாமல் படியேறிப் போனார்கள்.

மூன்று வருடத்தில் எல்லாம் புரிந்தது. மூச்சு விடவில்லை.

"அந்தப் பச்சைச் சட்டையில உங்கப்பா உறை போட்ட சோஃபா மாதிரி இருக்கார்" என்பாள் மகளிடம். மறுநாள் சட்டை குப்பையில். "ஞாயித்துக்கிழமையாவது எனக்கு யாராவது காப்பி போட்டுக் கொடுத்தா எப்படி இருக்கும்!" ஞாயிறு காலை காப்பியோடு நிற்பேன்.

"அட, எப்படிங்க தோணிச்சு?"

"பொண்டாட்டி மனசைப் படிக்கத் தெரியணும்" என்று மீசையை முறுக்குவேன்.

பாத்திரம் கழுவினேன். ஜன்னல் துடைத்தேன். என் வாயாலேயே மாமியாரை வரவழைத்து ஒரு மாதம் தங்கவைத்தேன். எல்லாம் மனசைப் படித்துத்தான். வருஷக்கணக்கில் படித்தேன்.

அவள் போன மறுவாரம், மகளிடம் பெருமையோடு உடைத்தேன்.

"எனக்குப் பிரெஞ்சு வரும். உங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது!"

மகள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"அப்பா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஒருநாள், 'சூப்புல உப்பு போட மறந்துட்டேன்'னு அம்மா எங்கிட்ட பிரெஞ்சில சொன்னாங்க. நீங்க வாயில வைக்கறதுக்கு முன்னாடியே உப்பு டப்பாவை எடுத்தீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எது வேணும்னாலும் எங்கிட்டயே சொல்ல ஆரம்பிச்சாங்க. உங்க காதுல விழற மாதிரி, மெதுவா, நிறுத்தி நிறுத்தி."

"நேரா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நேரா சொன்னா நீங்க வாதம் பண்ணுவீங்களாம்."

வாதம் பண்ண வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பேசுவது பிரெஞ்சில்.