உங்கள் அத்தை இன்னும் சம்மதம் சொல்லவில்லை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வாயால் சொல்ல, தெருமுனை ஜெராக்ஸ் கடை அம்மா கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பும் கடிதம். இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சுகம். உங்கள் சுகத்தையும், பாப்பாவின் சுகத்தையும், அவள் வயிற்றில் இருந்துகொண்டு எல்லாரையும் அவசரப்படுத்துகிற சின்னவரின் சுகத்தையும் அங்கிருந்து தெரியப்படுத்தவும். தபாலில் போட்டால் கடிதம் வந்து சேர்வதற்குள் சின்னவர் நடக்கவே ஆரம்பித்துவிடுவார் என்பதால் இப்படி அனுப்புகிறேன். இதைப் பாப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டாம். உங்கள் அப்பா அம்மாவிடம் மூச்சே விட வேண்டாம்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தால்தான் பாப்பாவின் பிரசவத்துக்கு வர எங்கள் இரண்டு பேருக்கும் நீங்கள் இருக்கிற நாட்டுக்குள் இடம் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற எல்லாக் காகிதமும் தயார். உங்கள் அத்தைதான் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதம் சொல்ல மாட்டேன் என்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

நீங்கள் சிரிக்கக்கூடாது. கடை அம்மா ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் அடிக்கிறாள். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு என் நிலைமை புரியும்.

நீங்கள் ஏற்பாடு செய்த விசா ஏஜென்ட் நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வாயைத் திறந்தாலே ஒரு காகிதம் கேட்பார். முதலில் கைரேகை என்றார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆயுசு முழுக்கப் பெருவிரல்தான், அதனால் இது நமக்குச் சுலபம் என்று தைரியமாகப் போய்க் கண்ணாடிமேல் விரலை வைத்தேன். மெஷின் என்னைத் தெரியாது என்றுவிட்டது. அங்கிருந்த பொண்ணு துடைக்கச் சொல்லி, தேய்க்கச் சொல்லி, நெற்றியில் விரலைப் பூசிக்கொண்டு வைக்கச் சொல்லி, கடைசியில் "தாத்தா, உங்களுக்கு ரேகையே இல்லையே, என்ன வேலை பார்த்தீங்க" என்று கேட்டது. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்தில் சோடாவிலும் கொதிதண்ணியிலும் கையை வைத்துக் காலம் தள்ளினவன் என்றேன். அது பாவப்பட்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, சுண்டுவிரலில் இருந்து எதையோ எடுத்து ஒப்பேற்றியது. இப்போது அந்த நாட்டுக்கு என்னைத் தெரிந்ததெல்லாம் என் சுண்டுவிரல் மட்டும்தான்.

அடுத்து ஏஜென்ட் கல்யாணச் சான்று கேட்டார். எங்கள் கல்யாணத்தை யார் எழுதி வைத்தார்கள்? சாப்பிட்டவர்கள்தான் சாட்சி, அவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சரி, இப்போது புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்கு வழி இருக்கிறது என்று எங்கள் பழைய காகிதங்களையெல்லாம் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். தண்ணீர் குடித்தார். ஒன்று பாப்பாவின் பிறப்புச் சான்று, அதில் அப்பா நான், அம்மா உங்கள் அத்தை. இன்னொன்று எங்கள் வேலைக் காகிதம், அதில் நான் தம்பி, உங்கள் அத்தை என் கூடப்பிறந்த அக்கா.

மாப்பிள்ளை, தயவுசெய்து மேலே படியுங்கள், பாதியில் வைத்துவிடாதீர்கள்.

நாங்கள் புதுசாகக் குடித்தனம் வந்த காலத்தில் அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் போய் நின்றோம். புருஷன் பெண்டாட்டி ஒரே கூடத்தில் வேலை பார்க்கக்கூடாது என்று அங்கே ஒரு சட்டம். ஏன் என்று கேட்காதீர்கள், சண்டை போட்டால் துணி வெளுக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. சூப்பர்வைசர் நல்ல மனசுக்காரர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த பை கீழே விழுந்து சாமானெல்லாம் உருண்டது. உங்கள் அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். உடனே அவர் "அக்கா" என்று எழுதிவிட்டார். தங்கை என்று எழுதியிருந்தாலாவது பிரச்சினை பாதியோடு போயிருக்கும். அக்கா என்றால் வயசு கூட இருக்க வேண்டுமே என்று அவளுக்கு ஏழு வயசையும் ஏற்றிப் போட்டார். அந்த ஏழு வயசு இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருக்கிறது. என்ன சண்டை வந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

கூடத்தில் எல்லாருக்கும் உண்மை தெரியும், மேனேஜரைத் தவிர. பாய்லர்காரர் காலையில் என்னைப் பார்த்ததும் "அக்கா இன்னைக்கு எப்படி, வெயிலா மழையா" என்பார். நான் வேலைநேரத்தில் அவளை அக்கா என்றே கூப்பிடுவேன், அவளும் "தம்பி, அந்தக் கூடையை இப்படித் தள்ளு" என்று சந்தோஷமாக வேலை வாங்குவாள். ஆளுக்கொரு மூலையில்தான் வேலை. நான் ஊறவைக்கிற தொட்டியில், அவள் மடிக்கிற இடத்தில். ஆனால் கட்டில் விரிப்பு மடிக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, தூர நின்று ஒரு உதறு உதறி, மூலையோடு மூலை சேர்க்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். அவளோடு மடிக்கிற பொம்பளைக்கு உடம்பு சரியில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டு விஷயமெல்லாம் அங்கேதான் பேசுவோம். கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், தள்ளிப் போய் அடுத்த விரிப்பை எடுத்து வந்தால் மறு வாக்கியம். வாடகை, அரிசி, ஊர்க்கதை எல்லாம் அப்படித்தான். அவள் உண்டாகியிருக்கிற சேதியையும் எனக்கு அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு விரிப்பின் இரண்டு மூலையை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பை எடுக்கிற சாக்கில் சிரித்தாள். ஈரச் சூட்டு வாசனை, மேலே ஆவி, என் கையில் நாலு மூலையும். அந்த விரிப்பை அன்றைக்கு நான் கோணலாகத்தான் மடித்தேன். மாப்பிள்ளை, நான் எத்தனையோ மறந்திருப்பேன், அந்த விரிப்பின் ஓரத்தில் இருந்த நீலக் கோட்டை மறக்கவில்லை.

ஆனால் மேனேஜர் கணக்கில் அக்காவுக்குப் புருஷன் வேண்டுமே. சூப்பர்வைசர் ஒரே நாளில் எனக்கு ஒரு மச்சானை உண்டாக்கிக் கப்பலில் வேலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த மச்சான் ரொம்ப நல்லவர், வருஷத்துக்கு ஒரு தரம்தான் வருவார், வந்தது யாருக்கும் தெரியாது. இஸ்திரி போடுகிற அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மச்சான் வந்துட்டுப் போனாரா தம்பி" என்று கேட்டு என் மானத்தை வாங்கும். இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடாதுதான். கடை அம்மாவும் வேண்டாம் என்கிறாள். அடித்தது அடித்தபடி இருக்கட்டும். பாப்பா பிறந்த சேதி கேட்டு மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தாய்மாமன் ஆயிட்டீங்க" என்றார். நானும் ஆமாம் சார் என்றேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்தால் கதை கந்தலாகிவிடும் என்று பிரசவத்தை வேறு இடத்தில் வைத்துக்கொண்டோம். அங்கே இருந்த நர்ஸ் அப்பா யார் என்று கேட்டதும், அவள் கேட்டு முடிப்பதற்குள் பெருவிரலை மையில் வைத்துவிட்டேன். அந்த ஒரு காகிதத்தில்தான் நான் நானாக இருக்கிறேன்.

ஏஜென்ட் இத்தனையும் கேட்டுவிட்டு, யோசித்து, ஒரு வழி சொன்னார். வேலைக் காகிதத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம், பிறப்புச் சான்றில் இருந்து என்னை எடுத்துவிடலாம், அம்மா அம்மாவாகப் போகட்டும், என்னைத் தாய்மாமனாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார். போட்டால் கிடைக்குமா என்றேன். புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அந்த நாட்டில் தாய்மாமனுக்கு விசா இல்லை, அம்மா மட்டும் போகலாம் என்றார். தாய்மாமனுக்கு மரியாதை இல்லாத நாட்டில் நீங்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்களோ. உங்கள் அத்தை அதைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் தனியா போகலாம்" என்று மட்டும் சொன்னாள். அது கேள்வியா முடிவா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில், ஒரே கூடம், ஒரே வீடு, பாப்பாவின் பிரசவத்துக்குக்கூட நான் நர்ஸ்களோடு சண்டை போட்டு வாசலிலேயே கிடந்தவன். இப்போது விமான நிலையத்தில் தம்பியாக நின்று கையை ஆட்ட வேண்டுமா?

அதனால் நானே பதிவு அதிகாரியிடம் போய் விழுந்தேன். அவர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. முன்பு கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் வந்து, இவர்கள் அக்கா தம்பி இல்லை என்று சத்தியம் செய்தால் திருத்திவிடலாம் என்றார். சூப்பர்வைசர் போய்ச் சேர்ந்துவிட்டார். பாய்லர்காரரையும் இஸ்திரி அம்மாவையும் தேடிப் பிடித்தேன். இரண்டு பேரும் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார்கள். பாய்லர்காரர் கையில் தடி, கண்ணில் தண்ணீர், என்னைக் கண்டதும் முதல் வார்த்தை "அக்கா வரலையா". உங்கள் அத்தை பின்னாலேயே வந்து சேர்ந்தாள். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து பழங்கதை பேசினதில் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டதே காதில் விழவில்லை, மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி பாய்லர்காரரைக் கேட்டார். "மேனேஜர்தானே சார் கேட்டாரு, மேனேஜர்கிட்ட யாரு உண்மை பேசுவா" என்றார் அவர். சரி, இவர்கள் புருஷன் பெண்டாட்டிதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று இஸ்திரி அம்மாவைக் கேட்டார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தது.

"கூடப்பிறந்தவங்கன்னா சண்டை வந்தா கத்தித் தீர்த்துட்டுப் போயிடுவாங்க சார். இவங்களுக்குச் சண்டைன்னா துணி மடிக்கும்போது மூலையோட மூலை சேரும், கண்ணு மட்டும் சேராது. வாரக்கணக்கா சேராது. அது வேற உறவுல வராது சார்."

அதிகாரி பேனாவை எடுத்துத் திருத்திவிட்டார். ஏழு வயசையும் குறைத்துவிட்டார். உங்கள் அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதோடு முடிந்தது, டிக்கெட் எடுக்கச் சொல்லி உங்களுக்குப் போன் பண்ண வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது அந்தத் தம்பி, அதாவது அதிகாரி, சட்டப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எழுந்து நின்று, "அம்மா, இவரைத் திருமணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா" என்றார்.

உங்கள் அத்தை என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். இஸ்திரி அம்மா வாயைப் பொத்திக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், என்ன விளையாட்டு இது, அங்கே பாப்பாவுக்கு நாள் நெருங்குகிறது, ஏஜென்ட் இந்த வாரத்துக்குள் காகிதம் வேண்டும் என்கிறார், உனக்கு என்மேல் என்ன கோபம் என்று. அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"கோபமெல்லாம் இல்லை. எங்கப்பா உங்க அப்பாகிட்ட சரின்னார், கல்யாணம் ஆச்சு. சூப்பர்வைசர் எழுதினார், அக்கா ஆனேன். ஏழு வயசு ஏத்தினார், ஏறினேன். யாரும் என்னைக் கேக்கலை. இப்போதான் முதல் தடவையா ஒருத்தர் எழுந்து நின்னு கேட்டிருக்கார். உடனே பதில் சொல்லிட்டா முடிஞ்சு போயிடுமே. கொஞ்ச நாள் வச்சிருந்து அனுபவிச்சுக்கிறேன்."

அன்றிலிருந்து அவள் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டு, ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டு, தனக்குள் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். நான்தான் புது மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கிறேன். ராத்திரி வேட்டியை நானே மடித்து வைக்கிறேன். டீ போட்டுக் கொடுத்தேன், நன்றாக இல்லை என்றாள், ஆனால் குடித்தாள். அவள் "இல்லை" என்று சொல்லிவிட்டால் ஏஜென்ட் சொன்ன வழியில் தனியாக ஏறிவிடுவாள். அவளை அங்கே வைத்துக்கொண்டு இங்கே நான் யாருக்கு என்ன செய்வேன்? ஆகையால் மாப்பிள்ளை, பெரியவன் கேட்கிறேன் என்று நினைக்காமல், நீங்கள் ஒரு போன் போட்டு, நான் குடிக்கிறவன் இல்லை, அடிக்கிறவன் இல்லை, கொடுத்த வேலையைச் செய்கிறவன், மொத்தத்தில் நல்ல வரன் என்று எடுத்துச் சொல்லவும்.

பாப்பாவைத் தனியாக மாடிப்படி ஏற விடாதீர்கள். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள். சின்னவர் கை கால் சுகத்தோடு வந்து, உங்கள் இரண்டு பேரையும் நாங்கள் பட்ட பாட்டில் பாதியாவது படுத்தி, நூறு வயசு இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். விவரம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(சுண்டுவிரல் ரேகை)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே சொன்னது ஒன்றையும் மனசில் வைக்க வேண்டாம், போனும் போட வேண்டாம். கடை அம்மா இதை அனுப்பக் கையை வைக்கிற நேரத்தில் உங்கள் அத்தையே கடை வாசலில் வந்து நிற்கிறாள். காலையில் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினவள் நேரே பதிவு ஆபீசுக்குப் போய், மறுபடி ஒரு தரம் எழுந்து நின்று கேட்கச் சொல்லி, சம்மதம் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். டிக்கெட் இரண்டாக எடுக்கவும். மாப்பிள்ளையின் சம்மதம் எங்கே என்று அதிகாரி கேட்கிறாராம், நான் போய் நின்று சொன்னால்தான் முடியுமாம், ஆபீஸ் மூடுகிற நேரமாம். யோசித்துப் பார்த்தால் என்னையும்தான் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. நானும் ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லலாமான்னு வாயெடுத்தேன். அவ முகத்தைப் பார்த்தேன். செருப்பு மாட்டியாச்சு மாப்பிள்ளை, கிளம்பிட்டேன்.