பாதுகாவலர் இறைவனடி சேர்ந்தார்

நான் ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறேன். ஆயுதம், பள்ளி அலுவலகக் கணினி. நாள், ஜூன் 20, செவ்வாய்க்கிழமை. நேரம், பகல் 12.10. செத்தவர் இன்றைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரிக்கிறார். எனக்குக் கிடைத்த தண்டனை அதுதான்.

தேதி விஷயத்தில் நான் கறாரான ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு இருக்கும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நான் ஏறும் பஸ் எந்த நாளில் எத்தனை நிமிடம் தாமதம், பள்ளி மணியில் விரிசல் விழுந்தது எப்போது, ஒன்றாம் வகுப்பு ஓட்டுக்குள் குளவி கூடு கட்டியது எந்தக் கிழமை, எல்லாம் அதில் உண்டு. (யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. வரலாற்றாசிரியனை அவன் காலத்தில் யார் கேட்டார்கள்?)

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் எனக்கு அலுவலக உதவியாளர் வேலை. பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தலைமையாசிரியை சிஸ்டர் என்னை இரண்டாவது முறை மன்னிக்க வேண்டியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன் பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்பினார்கள். அது பெற்றோர் கண்ணில் படுவதற்குள் பாதி டைரிகள் தொலைந்துபோயின. பிறகு வாட்ஸப் குழு ஆரம்பித்தார்கள். தினமும் நூறு காலை வணக்க ரோஜாக்கள் வந்து குவிந்ததால் சிஸ்டர் அதைக் கலைத்தார். கடைசியாக, எல்லாப் பெற்றோரின் போனுக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி போகிற மாதிரி ஒரு மென்பொருள் வந்தது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். செய்தி ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு செய்திதான்.

எங்கள் பள்ளியின் பாதுகாவலர் புனித ஞானப்பிரகாசியார். ஒவ்வொரு கத்தோலிக்கப் பள்ளிக்கும் இப்படி ஒரு புனிதர் பாதுகாவலராக இருப்பார். எங்களவரின் திருநாள் ஜூன் 21. முந்தைய ஆண்டுகளில் போன செய்தி இது: ‘நாளை பள்ளித் திருநாள். வண்ண உடை. பொங்கல் உண்டு.’ யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. புனிதர்களின் திருநாளை எல்லாரும் பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் அவர்கள் இறந்த நாள். இந்தச் செய்தி தெரியாமல் ஒரு தாலுகாவே பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே விளக்கமாக எழுதினேன்: ‘நம் பள்ளியின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார், இத்தாலி நாட்டில், தொற்றுநோயாளிகளுக்குத் தொண்டாற்றி, அந்நோயாலேயே 1591 ஜூன் 21 அன்று தமது 23ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.’

பெட்டி சிவப்பாகிவிட்டது. திருப்பலிக்கும் பொங்கலுக்கும் இடமே இல்லை. கத்தரியை எடுத்தேன். முதலில் இத்தாலி போயிற்று. பிறகு தொண்டு. பிறகு ‘புனித’. (பாதுகாவலர் என்றாலே புனிதர்தானே, யாருக்குத் தெரியாது?) வயதும் போயிற்று. பெட்டி இன்னும் சிவப்பு. கடைசியில், வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு தேதியை என் கையாலேயே அழித்தேன். கீழே ‘நாளை’ என்று வருகிறதே, அது போதாதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெட்டி பச்சையானது.

போன செய்தி இது:

‘நம் பள்ளிப் பாதுகாவலர் ஞானப்பிரகாசியார் தொற்றுநோயால் இறைவனடி சேர்ந்தார். நாளை காலை 9க்குத் திருப்பலி. பிள்ளைகள் வண்ண உடையில் வரவும். பொங்கல் உண்டு.’

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி வாசலில் பதினெட்டு வருடமாகக் காவல் இருக்கும் வாட்ச்மேனின் பெயர் ஞானப்பிரகாசம்.

அன்றைக்கு அவர் விடுப்பு. திருவெண்ணெய்நல்லூரில் மகள் வீட்டில் போர் போடுகிறார்கள் என்று காலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். வாசலில் அவருடைய நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

12.25க்கு முருகன் அலுவலகத்துக்குள் வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், மகள் இரண்டாம் வகுப்பு. கண்கள் சிவந்திருந்தன.

“சார், பொட்டி சொல்லியாச்சா?”

அவர் கேட்டது சவப்பெட்டியை. நான் கணினிப் பெட்டி என்று நினைத்து, “அது போன மாசமே வந்துடுச்சி” என்றேன்.

“போன மாசமேவா!” என்று முருகன் நெஞ்சில் கை வைத்தார். “அப்ப ரொம்ப நாளா இழுத்துக்கினு இருந்திருக்காரு. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே சார். நேத்து கூட என் ஆட்டோவ கேட்டாண்ட நிறுத்தாதன்னு கத்துனாரு. அந்தக் கொரல் இன்னும் காதுலயே கீது.”

“யாரோட குரல்?”

“பிரகாசம் அண்ணனோடதுதான். நீங்கதான மெசேஜ் போட்டீங்க?” போனை நீட்டினார். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. உயிரோட இருக்கறப்ப பிரகாசம்னோம். செத்த அப்பறம் மரியாதையா பிரகாசியார்னு போட்டிருக்கீங்க. ஆனா இந்தக் கலர் டிரெஸ்ஸுதான் சார் எங்க வூட்ல ஒத்துக்க மாட்டேங்கறா. எழவுக்கு யாராச்சும் கலர் டிரெஸ்ஸு போட்டு அனுப்புவாங்களா?”

என் கால் தரையில் இருந்ததா என்று நினைவில்லை. குறிப்பேட்டிலும் இல்லை.

விஷயம் சிஸ்டருக்குப் போனது. அவர் செய்தியை ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“தம்பி, இந்த செய்தியில ஒரு பொய்யும் இல்ல. அதான் எனக்கு பயமா இருக்கு. திருத்தம் அனுப்பு.”

“முடியாது சிஸ்டர். ஒரு நாளைக்கு ஒண்ணுதான். இனிமே நாளைக்குக் காலைலதான்.”

சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. வாட்ச்மேனின் மனைவி லூர்தம்மா மேம்பாலத்துக்குக் கீழே தள்ளுவண்டியில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவர். எங்கள் பெற்றோர்களில் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் போவார்கள்.

“அந்தம்மாவுக்கு பிரஷர் இருக்கு” என்றார் சிஸ்டர். “போன வருஷம் ரெண்டு வாட்டி மயங்கி விழுந்தாங்க. யாராவது போய் சொல்றதுக்குள்ள நீ போய் நில்லு. லேட்டாச்சின்னா நாளைக்கு நெஜமாவே ஒரு அடக்கம் வைக்கணும். ஓடு!”

சிஸ்டரின் ஸ்கூட்டியில் கிளம்பினேன். வழியெல்லாம் வாட்ச்மேனுக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. நான்கு முறை. (கிளம்பும்போது பள்ளிக்கூட வாசலில் மதிய வெயிலில் முகக்கவசத்தோடு ஆறு தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்துப்போக நிற்பதைப் பார்த்தேன். ‘தொற்றுநோய்’ என்ற சொல் தன் வேலையை அதற்குள் தனியாகச் செய்துகொண்டிருந்தது.)

மேம்பாலத்துக்குக் கீழே எனக்கு முன்பே முருகனின் ஆட்டோ நின்றது. வண்டியைச் சுற்றி நாலைந்து பெண்கள். ஆளுக்கொரு பொட்டலம் மல்லாட்டை வாங்கி, தோலைக் கூட உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, லூர்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாங்கடி இது, வாங்கிட்டுத் துன்னாம மொறச்சிக்கினு நிக்கறீங்க?” என்றார் லூர்தம்மா. “உப்பு பத்தலியா?”

அப்போது நான் போய் இறங்கினேன். மூச்சு வாங்கியது. சொல்ல வந்தது ‘அவருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்’ என்பது. வெளியே வந்தது, “அவரு... அவருக்கு...” என்பது மட்டும்.

பள்ளி அலுவலகத்து ஆளே வந்து திணறியதும் அந்தப் பெண்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒருவர் “ஐயோ, பிரகாசம் மாமா!” என்று ஒப்பாரி எடுத்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். முருகன் ஆட்டோ ஹாரன் மேல் சாய்ந்து அழுதார். ஹாரனும் அழுதது.

மல்லாட்டை அளக்கும் படி லூர்தம்மா கையில் அப்படியே நின்றது. அவர் அழவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“காலைல கஞ்சி குடிச்சிட்டுப் போய்யான்னு சொன்னேன் சார்” என்றார். “பஸ்ஸு பூடும்னு குடிக்காம பூட்டாரு.”

அந்தக் குரலைக் கேட்டபோது நான் படித்த அத்தனை புத்தகங்களையும் அந்தப் பாலத்தின் கீழேயே போட்டுக் கொளுத்திவிடலாம் என்று இருந்தது. ஐந்தாவது முறையாகப் போன் அடித்து, ஸ்பீக்கரில் வைத்தேன். இந்த முறை எடுத்தார். கூடவே போர் போடும் இயந்திரத்தின் இரைச்சலும் வந்தது.

“அலோ! யாரு?”

“ஆபீஸ்ல இருந்து பேசறேன்! நல்லா இருக்கீங்களா?”

“கேக்கல சார்! நூத்தியிருவது அடி போயிடுச்சி! இன்னும் தண்ணி வரல!”

“நீங்க செத்துட்டதா மெசேஜ் போயிடுச்சி!”

“யாரு செத்துட்டது?”

“நீங்க!”

“நானா? எப்ப?”

“பகல் பன்னண்டு பத்துக்கு!”

இரைச்சலுக்கு நடுவே கொஞ்சம் யோசித்தார். “காலைலருந்து நான் இங்கதான கீறேன் சார்?” என்றார். தம்மைவிடப் படித்தவர் சொல்லிவிட்டாரே என்ற சந்தேகம் அந்தக் குரலில் இருந்தது.

லூர்தம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“யோவ்! கஞ்சி குடிச்சியா?”

“இட்லி துன்னேன்.”

“எத்தினி?”

“ஆறு.”

“இங்க நான் தாலிய புடிச்சிக்கினு நிக்கறேன், உனுக்கு ஆறு இட்லி கேக்குதா?” அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றைக் கத்தோலிக்கப் பள்ளி சம்பந்தப்பட்ட கட்டுரையில் எழுத முடியாது. பேசி முடித்துவிட்டு வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சார், நீ படிச்சவன்தான?”

“ஆமாம்மா.”

“எது வரிக்கும்?”

சொன்னேன்.

“நிறுத்திக்கோ” என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் திருத்தம் போனது. அதை நான் எழுதவில்லை. சிஸ்டரே தட்டினார்: ‘வாட்ச்மேன் உயிருடன் இருக்கிறார். பொங்கல் உண்டு.’ ஆனால் அதற்குள் கிராமத்துப் பெற்றோர்கள் முந்தின நாள் சாயங்காலமே மாலை வாங்கிவிட்டிருந்தார்கள். எட்டரைக்கு வாசலில் நான் எண்ணியது பதினேழு. வாட்ச்மேனும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தம் மாலைகளைத் தாமே வரவேற்றுக்கொண்டிருந்தார். எழவுக்கு வாங்கிய மாலையை உயிரோடிருப்பவர் கழுத்தில் போட யாருக்கும் துணிவில்லை. வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகவும் கூடாது. எல்லாரும் சிஸ்டரைப் பார்த்தார்கள்.

“சுரூபத்துக்குப் போடுங்க” என்றார் சிஸ்டர். “அவரும் இறந்தவர்தான். இன்னிக்கிதான் இறந்தார். இப்பயாவது எல்லாருக்கும் புரிஞ்சிதா?”

பதினேழு மாலைக்குள் புனித ஞானப்பிரகாசியார் சிலையின் முகம் மறைந்துபோனது. அவருடைய திருநாள் என்பது இறந்தநாள் என்று எங்கள் பள்ளியில் இன்றைக்கு எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். என் கல்விப்பணியில் வெற்றி பெற்றது அது ஒன்றுதான்.

திருப்பலி முடிந்து பொங்கல் வரிசையில் வாட்ச்மேன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போனேன்.

“சார், நீங்கதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதுவீங்களே. யாரு யாரு மாலை கொண்ணாந்தாங்கன்னு எழுதினீங்களா?”

எழுதியிருந்தேன். பெயர், வகுப்பு, பூவின் வகை, வந்த நேரம் உட்பட. என் குறிப்பேட்டை ஒருவர் கேட்டு வாங்கிப் படித்தது அதுவே முதல்முறை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

“அஞ்சாவது சந்துரு அப்பா பேரு இல்லியே?”

“அவர் வரல.”

“வரல. சரி.” குறிப்பேட்டை மூடித் தந்தார். “நாளைக்கு அந்தப் பையன் அஞ்சு நிமிஷம் லேட்டா வரட்டும். கேட்ட தொறக்கறனா பாருங்க.”

செய்திப் பொறுப்பை சிஸ்டர் என்னிடமிருந்து பறிக்கவில்லை. ஒரு விதி மட்டும் வைத்தார்: எந்தச் செய்தியானாலும் வாசலுக்குப் போய் வாட்ச்மேனுக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் அனுப்ப வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். “இதுல யாரும் சாவலியே? சரி, அனுப்பு” என்பார். இந்தக் கதையை லூர்தம்மா என் கல்யாணத்துக்கு வந்து பெண் வீட்டார் பந்தியில் விலாவாரியாகச் சொன்னார். இன்றைக்கும் நான் போனில் எதையாவது தட்டினால் என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: “ஏங்க, யாரு அது? பாவம், வயசு என்னா?”

போன தவக்காலத்தில் பெரிய வெள்ளி விடுமுறைச் செய்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். சிஸ்டரும் பக்கத்தில் நின்றிருந்தார். ‘நாளை ஆண்டவர் இயேசு மரித்த நாள்’ என்று படித்ததும் நிறுத்தினேன். “இத அனுப்பலாமா, ஏதாவது குழப்பம் வருமா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் வராது சார், தைரியமா அனுப்பு” என்றார் வாட்ச்மேன். “அவரு மூணா நாளு எழுந்துடுவாருன்னு ஊருக்கே தெரியும்.” பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “நான் மறுநாளே வந்துட்டேன்.”

சிஸ்டர் காதில் விழாதது போல வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.