இரண்டு குதிரைக்குப் பன்னிரண்டு பவுண்டு

கொழுந்தன் கிளிஃபர்டுக்கு, அண்ணி ஹில்டா எழுதிக்கொண்டது. இங்கே நான், என் முட்டி, பூனை மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும் கேட்பதுதான் முறை. இதைப் படித்து முடித்ததும் அது உனக்கு இருக்காது என்பதால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்பராவின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்கு நீ வர வேண்டாம். உன் நாற்காலியைப் பூனைக்குக் கொடுத்துவிட்டேன்.

காரணம், 1975 மே மாதம், ஒரு சனிக்கிழமை, மழை. பார்பரா என் வயிற்றில், உன் அண்ணன் ஸ்டான்லி மில்லில். நானே சீட்டு எழுதி, ஒரு பவுண்டும் கொடுத்து உன்னைப் பந்தயக் கடைக்கு அனுப்பினேன். நீ பழுப்புக் கோட்டுப் போட்டிருந்தாய், இடது கையில் பொத்தான் இல்லை. 'சாம்பல் சீமாட்டி' என்ற குதிரைக்கு ஒன்றுக்கு இரண்டு, 'ஞாயிற்றுச் சட்டை'க்கு ஒன்றுக்கு மூன்று, இரண்டுமே ஜெயித்ததை ரேடியோவில் கேட்டேன். இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு, போட்ட பவுண்டோடு ஏழு என்று நான் தெரு முழுக்கச் சொல்லி முடிக்கும்போது நீ வந்து, "இந்தாங்க அண்ணி, எண்ணிக்கோங்க" என்று ஏழு பவுண்டை மேசையில் வைத்தாய். நான் பார்த்து வைத்திருந்த நீலக் குழந்தை வண்டி பதினோரு பவுண்டு. ஏழுக்குப் பக்கத்து வீட்டு டோரீனின் பழைய வண்டிதான் கிடைத்தது. அது போட்ட கீச்சுச் சத்தத்தில், நான் சர்ச்சுக்கு வருவது பாதிரியாருக்கு இரண்டு தெரு முன்னாலேயே தெரிந்துவிடும்.

நேற்று பிறந்தநாள் ஞாபகமாக அதேபோல் இரண்டு குதிரையைச் சேர்த்து இரட்டைப் பந்தயம் ஒன்று கட்டப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் சாண்டெல் என்று ஒரு பெண், மூக்கில் வளையம்.

"ஒண்ணுக்கு ரெண்டு, ஒண்ணுக்கு மூணு. ரெண்டும் ஜெயிச்சா ஏழுதானே கண்ணு?"

"பன்னெண்டு பாட்டி."

"விளையாடாதே. ரெண்டு மூணு ஆறு."

"முதல் குதிரை ஜெயிச்சா உங்க ஒரு பவுண்டு மூணாகுது. ரெண்டு லாபம், ஒண்ணு நீங்க போட்டது. அந்த மூணும் அப்படியே அடுத்த குதிரை மேல ஏறி உக்காருது. அதுக்கு ஒன்பது லாபம், மூணு உங்களது. ஆகப் பன்னெண்டு."

"எப்போலேர்ந்து?"

"குதிரை ஓட ஆரம்பிச்சதிலேர்ந்து."

பின்னால் நின்ற வழுக்கைத்தலையன், "கணக்குப் படிக்கணும்னா பள்ளிக்கூடம் போங்கம்மா, அடுத்த ரேஸ் கிளம்பிருச்சு" என்றான். அவன் முகத்தை ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

ஆக, ஐந்து பவுண்டு, கிளிஃபர்ட். என் பிள்ளை கீச்சு வண்டியில் வளர்ந்தது உன்னால்தான். ஸ்டான்லியின் அடக்கத்தில் நீ அழுததைக்கூட இப்போது வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுசு தரட்டும். யோசித்துப் பார்க்க நேரம் வேண்டுமல்லவா.

இப்படிக்கு,
ஹில்டா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை உடுப்புக்காகப் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் அந்தச் சீட்டின் நகல். என் கையெழுத்துதான். இரட்டைப் பந்தயம் என்று எழுதவில்லை. குதிரைக்கு அரைப் பவுண்டு, தனித்தனியாக என்று எழுதியிருக்கிறேன். சாண்டெலிடம் காட்டினேன். ஒன்றரை, இரண்டு, மொத்தம் மூன்றரைதான் வந்திருக்கும் என்றாள். "மிச்ச மூணரையை யாரு பாட்டி போட்டது?" என்றும் கேட்டாள். குதிரைகள் ஜெயித்த அந்த வாரம் முழுக்க நீ பஸ்ஸில் ஏறாமல் வேலைக்கு நடந்தே போனாய். கஞ்சன் என்று தெருவில் சொன்னவள் நான்தான். கடிதத்தைக் கிழித்திருப்பேன், தபால்தலை ஒட்டியாகிவிட்டது. ஞாயிறு ஒரு மணிக்கு வா. பழுப்புக் கோட்டு இன்னும் இருந்தால் எடுத்து வா, பொத்தான் தைத்துத் தருகிறேன். அன்றைக்கே நீ சொல்லாததை மட்டும் மறக்க மாட்டேன்.